தனியாள் நின்றால் குற்றமில்லை

கபிடோலினா உரால் மலைப்பக்க ஊரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் தாத்தா, தச்சர் சவ்வாவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், அவள் இப்போதும் குடியிருக்கும் இதே மாடிக் கட்டடத்திலிருந்து ரகசியப் போலீஸார் கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். இருபது வருடம் கழித்து, அவர் குற்றமற்றவர் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். பேத்தி அவர் பெயரை உள்ளங்கை அகலத் தகட்டில் பொறித்து வாசல் சுவரில் பதித்தாள்.

போன வசந்தத்தில் சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் தகட்டையும் கழற்றிவிட்டார்கள். அவள் ஒன்பது மனு போட்டாள். முதல் எட்டும் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒன்பதாவதற்குப் பதில் வந்தது: 'சுவரில் தகடு எதுவும் இல்லை. எனவே எதுவும் கழற்றப்படவில்லை.' படித்தவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தகட்டில் இருந்ததை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அங்கே சட்டப்படி தனியாள் அட்டையோடு நிற்க அனுமதி தேவையில்லை. பக்கத்தில் இன்னொருவர் நின்றால்தான் அது கூட்டம், கூட்டத்துக்கு வழக்கு.

மாடி வீட்டு நெல்லி சும்மா இருப்பாளா? தகடு பதித்த அன்றே எதிர்த்தவள். வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள்.

"இது வீடா, கல்லறையாடி? செத்தவங்க பேரெல்லாம் மாட்டினா சுவரே பத்தாது!"

"பத்தாதுன்னு தெரியுதில்ல? உள்ள போய்த் தொலை. நீ நின்னா கூட்டமாயிடும்."

"என் வாசல்ல நான் நிப்பேன்!"

நின்றாள், அரை மணி நேரம் திட்டியபடியே. போலீஸ் வண்டி வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்தா நிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"இவகூடவா? முப்பது வருஷமா இவ மூஞ்சியே எனக்கு ஆகாது," என்றாள் நெல்லி.

"அப்ப இந்தம்மா தொந்தரவு பண்றாங்கன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க. நீங்க போகலாம்."

அவர் தாளை நீட்டினார். அட்டையும் போயிற்று என்று கபிடோலினா கண்ணை மூடிக்கொண்டாள். நெல்லி பேனாவை வாங்கினாள். எழுதாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுத மாட்டேன்."

"ஆகாதுன்னீங்க?"

"ஆகாதுதான். அதுக்காக எழுதணுமா? இவ தாத்தாவைப் பத்தி எங்கப்பா எழுதினதே போதும்."

புகார் இல்லையென்றால் இருவர், இருவர் என்றால் கூட்டம். அதிகாரி இருவரையும் வண்டியில் ஏற்றினார்.

கபிடோலினாவுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடச் சண்டையில் இதை ஒரு நாளாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சின்ன வயசிலேர்ந்து," என்றாள் நெல்லி, ஜன்னலைப் பார்த்தபடி. "நம்ம மாடிப்படிக் கைப்பிடி உங்க தாத்தா இழைச்சது. அப்பா சாகிற வரைக்கும் அதைத் தொடாமதான் படியேறினார்."