பஸ்ரியனின் நேர்த்தியும் கியூபாச் சிகாரும்

தாழ்வுபாட்டுக் கருவாட்டு வியாபாரி பஸ்ரியன் சொன்ன சொல்லை ஒருநாளும் மீறியதில்லை. மீறவேண்டிய கட்டம் வந்தால் அதற்கு முதலே சொல்லின் பொருளை மாற்றிவிடுவார். ஒரு தவக்காலத்தில் மீன் தொடுவதில்லை என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னவர், முள் இல்லாதது மீனாகாது என்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு, இறாலும் நண்டும் கணவாயுமாகப் பக்தியோடு தின்று உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே இரண்டு சுற்றுப் பெருத்தார். சாராயத்தை விட்ட வருடம், கள்ளு சாராயத்தில் சேர்த்தியில்லை என்று கண்டுபிடித்தார். வேலிச் சண்டையில் தமையனோடு இனிக் கதைப்பதில்லை என்று சத்தியம் பண்ணியபிறகு, சொல்லவேண்டியதையெல்லாம் தமையன் வீட்டு நாய்க்குச் சொன்னார். பதிலும் நாய் வழியாகவே வந்தது.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நேர்த்திக்கடனை மட்டும் வளைக்காமல் காத்தார். அதற்குக் காரணம் மகள் ஜெனிஸ்ரா. கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் அவளுக்கு இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் கலைந்தது. மூன்றாம் முறை தங்கியபோது பஸ்ரியன் மடு மாதா கோயிலுக்குப் பஸ் ஏறினார். மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்வரை சுருட்டைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். வேறு எதை விடுவதாகச் சொல்லியிருந்தாலும் மாதாவுக்கே சந்தேகம் வந்திருக்கும். கருவாட்டுப் பாயை விரிக்க முதல் ஒன்று, விரித்த களைப்புக்கு ஒன்று, வியாபாரம் படிந்தால் ஒன்று, படியாவிட்டால் இரண்டு என்று வாழ்ந்த வாய் அது.

ஏழு மாதமாகிவிட்டது. கை அடிக்கொருதரம் சட்டைப் பையைத் தடவும். ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்து ஈயை அடிக்கும். ஈர்க்கைச் சப்பினார். ஈக்களை ஏசினார். மகள் தாய் வீட்டில் படுக்கையோடு படுக்கையாய் இருந்தாள். பொழுதுபட்டால் உள்ளேயிருந்து கேட்பாள்:

"அப்பா, இண்டைக்கும் இல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை."

அதைக் கேட்டபிறகுதான் அவளுக்கு நித்திரை வரும்.

இந்த நிலைமையில்தான் ரொறன்ரோவிலிருந்து மனைவி இமெல்டாவின் தம்பி பிரதீபன் வந்து இறங்கினான். அங்கே அவன் பாரவண்டி ஓட்டுகிறவன். இங்கே வந்தால் பாரவண்டியே அவனை ஓட்டிவந்ததுபோலச் சாமான். அதற்குள் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பொன் மோதிரம் போட்ட விரல்கள் மாதிரிச் சிகார்கள். ஈரம் குறையக்கூடாதென்று அவற்றுக்காக மன்னார் ரவுணில் ஏசி அறை எடுத்திருந்தான். அக்காவின் வீட்டில் ஏசி இல்லாதபடியால் பெட்டியை மட்டும் தனியே விடமுடியாமல் தானும் அங்கேயே தங்கினான்.

அன்று பின்னேரம் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து, வேப்பமரத்தடியில் இரண்டு கதிரை போட்டு, அதைத் திறந்தான்.

"ஒண்டு எடுங்கோ அத்தான். கியூபாவில கையால சுத்தினது."

பஸ்ரியனின் மூக்கு முதலில் எடுத்துக்கொண்டது. கை கொஞ்சம் பொறுத்தது. "நேர்த்தி கிடக்கு மச்சான். சுருட்டுத் தொடேலாது."

பிரதீபனின் முகம் சுருங்கியது. "அத்தான், இதைப்போய்ச் சுருட்டெண்டுறியள். ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

"அப்ப இது சுருட்டில்லையோ?"

"சிகார் வேறை, சுருட்டு வேறை. சாதியே வேறை."

பஸ்ரியன் தேடிக்கொண்டிருந்த சாட்சி கனடாவிலிருந்து தானாகவே வந்திருந்தது. அதுவும் படித்த சாட்சி. மீதியை அவரே கட்டினார்: சுருட்டைப் பல்லால் கடிக்கிறோம், இதைக் கத்தரியால் வெட்டுகிறார்கள்; சுருட்டு கட்டாக வாங்குவது, இதற்குப் பெட்டி; பல்லுக்கும் கத்தரிக்கும் பொதுவான பாவம் இருக்க நியாயமில்லை.

இமெல்டா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். "இஞ்சருங்கோ, என்ன கையில?"

"சிகார்."

"நான் கண்ணில்லாதவளோ?"

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் தம்பி. "அத்தான், புகையை உள்ளுக்க இழுக்கப்படாது. வாயில வச்சு உருட்டிப்போட்டு விடுங்கோ. முதல் கொட்டை வாசம் வரும். பிறகு கொக்கோ. கடைசியில தோல்."

"என்ன தோல்?" என்றாள் இமெல்டா.

"மாட்டுத்தோல்."

"அங்க செருப்பையும் விடமாட்டியளோ தம்பி?"

பஸ்ரியன் நாற்பது வருடம் சுருட்டுக் குடித்தும் ஒருநாளும் புகையை உள்ளே இழுத்ததில்லை. ஆனாலும் புதிதாய்ப் படிக்கிறவர்போலத் தலையாட்டிக்கொண்டு பற்றவைத்தார். முதல் புகையிலேயே வாய்க்கு உண்மை விளங்கிவிட்டது. புகையிலை. பதமாய்க் காய்ந்து, பதமாய்ப் புளித்து, ஏழு மாதமாக அவரைத் தேடிக் கடல் கடந்து வந்த புகையிலை. கண் மூடிக்கொண்டது. காலின் பெருவிரல்கூட நிம்மதியாய் மடிந்தது.

"என்ன அத்தான், தெரியுதோ?"

தெரிந்ததைச் சொன்னால் நேர்த்தி முறியும். ஆகவே தெரியாததையெல்லாம் சொன்னார். "கொக்கோ அடிக்குது."

"பாத்தியளோ!"

"கோப்பியும் கிடக்கு. கொஞ்சம் பலாக்கொட்டை. பழைய கோயில் வாங்குப் பலகையில வாற மர வாசம்."

பிரதீபன் நெகிழ்ந்துபோனான். இவ்வளவு காலம் காசு கொடுத்து வாங்கியும் அவனுக்கே பலாக்கொட்டை அகப்பட்டதில்லை. அத்தானுக்கு அபூர்வமான நாக்கு என்றான். அபூர்வமான நாக்கு, பொய் சொல்லும் சுகத்தில் இன்னும் இரண்டு வாசத்தைச் சேர்த்தது: தேன், மழை பெய்த மண்.

அப்போது வாசற்படியில் ஜெனிஸ்ரா நின்றாள். ஒரு கை கதவு நிலையில், மற்றக் கை வயிற்றில். படுக்கையை விட்டு எழும்பக்கூடாதவள்.

"அப்பா, என்ன அது?"

"சிகார், பிள்ளை. சுருட்டில்லை. மாமாவைக் கேள்."

"ஓம் பிள்ளை, இது வேறை," என்றான் பிரதீபன். "உலகத்தில பெரிய பெரிய ஆக்கள் குடிக்கிறது."

அவள் மாமாவைப் பார்க்கவில்லை. வாதாடவுமில்லை. "உங்களுக்கு வேறை எண்டால் சரி அப்பா," என்றாள். "மாதாவுக்கும் அந்த வித்தியாசம் தெரியுமோ?"

கேலியாகக் கேட்டிருந்தால் பஸ்ரியனிடம் பத்துப் பதில் இருந்தது. அவள் பயத்தோடு கேட்டாள். மீனுக்கும் இறாலுக்கும் கோடு போட்டவருக்கு, சிகாருக்கும் சுருட்டுக்கும் போட்ட கோடு கையிலேயே அழிந்துபோயிற்று. சிகாரைத் தலைகீழாகப் பிடித்து மண்ணில் குத்தினார்.

"ஐயோ அத்தான், இனித்தானே தோல் வரும்!"

"மச்சான், குறை நினையாதையும். உது சுருட்டு."

"என்ன?"

"நல்ல சுருட்டு. யாழ்ப்பாணத்தில அருமையாய் ஒரு கட்டு இப்பிடி வாய்க்கும். ஆனால் சுருட்டுத்தான்."

"அப்ப கொக்கோ?"

"ஒரு கொக்கோவும் இல்லை."

"பலாக்கொட்டை?"

"அதுவும் நான் சொன்னது."

பிரதீபன் பெட்டியை மூடினான். கியூபாவுக்கு இப்படி ஒரு அவமானத்தை அதுவரை ஒருவரும் செய்ததில்லை என்பதுபோல, மெதுவாக, இரண்டு கையாலும் மூடினான்.

"என்னைப் படுக்கவிடுங்கோ அம்மா," என்று ஜெனிஸ்ரா உள்ளே போனாள். "இல்லைத்தானே" என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. பஸ்ரியனுக்கு அது ஏச்சைவிடக் கொடுமையாய் இருந்தது.

கிணற்றடியில் வாய் கொப்பளித்தார். கொப்பளித்தும் வாசம் போகவில்லை. போகாதது மனதின் ஒரு மூலைக்குச் சந்தோஷமாயும் இருந்தது. பிறகு மகளின் அறைக்குள் வந்து, அலுமாரிக்கு மேலிருந்த மடுமாதாவின் முன்னால் முழங்காலில் நின்றார். மகளுக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாகவே சொன்னார்:

"தாயே, இண்டைக்கு நான் சுருட்டுக் குடிச்சனான். பிள்ளைமேல பழி போடாதையும். நாளையில இருந்து திரும்பவும் இல்லை."

கட்டிலில் ஜெனிஸ்ரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. இமெல்டா கையைக் காட்டி, எழும்பலாம் என்றாள். பஸ்ரியன் எழும்பவில்லை. மகள் நித்திரையானாள் என்று நிச்சயமானபிறகு குரலைத் தாழ்த்தி, மாதாவிடம் இன்னும் ஒன்றைச் சொன்னார்.

"நல்லாத்தான் இருந்தது. அதையும் ஏன் உம்மட்ட ஒளிக்கவேணும்."