இரண்டு பேருக்கு ஒரு பூட்டு

ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் ஒரு வால்வு ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டராகச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நிரந்தர விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலம். தெற்கே, பூமிக்கடி நீராவியில் மின்சாரம் எடுக்கும் ஒரு ஜியோதெர்மல் பவர் ஸ்டேஷனில் ஸ்டீம் வால்வு மாற்ற வேண்டும், தேவனோடு போ என்றார் முதலாளி.

தேவன் அண்ணை எங்கள் சீனியர் ஃபிட்டர். மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். ஐம்பத்தைந்து வயது, தீராத முழங்கால் வலி. என் ஆங்கிலம் தடுமாறிய நாட்களில் என்னை யாரிடமும் விட்டுக்கொடுக்காதவர்.

1. மேட்டு வால்வு

ஆக்லாந்திலிருந்து வேனில் நாலு மணி நேரம். பைன் காடு முடிந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது. சாலையோரப் புல்லுக்குள்ளிருந்து ஆவி வந்தது. மஞ்சள் படிந்த வெடிப்புகளைச் சுற்றிச் செடிகள் வெந்து கிடந்தன. ஸ்டேஷனுக்குள் கிணறுகளிலிருந்து ஸ்டீம் கொண்டுவரும் குழாய்கள் மேடு பள்ளமெல்லாம் ஓடின. கீழே பூமி கொதிக்கிறது, மேலே நாங்கள் ஸ்பானரோடு நிற்கிறோம். பயமாகத்தான் இருந்தது.

அங்கே ஒரு விதி. லைனில் கை வைக்குமுன், ஸ்டீமைத் தடுக்கும் ஐசோலேஷன் வால்வை அடைத்துச் சங்கிலி போட்டு, வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் கையால் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவரவர் பாக்கெட்டில். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் ஸ்டீம் திறக்கலாம். ஸ்டேஷன் ஆபரேட்டர் ஆலன் அந்த வால்வை அடைத்து, பெர்மிட் என்ற வேலை அனுமதித் தாளில் எங்கள் இருவர் பெயரையும் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

பூட்டுப் போட வேண்டிய அந்த வால்வு செங்குத்தான மேட்டில் இருந்தது; நாங்கள் மாற்ற வேண்டியது கீழே.

"அண்ணை, இந்தக் காலோட நீங்கள் ஏன் ஏறுவான்? நான் போட்டிட்டு வாறன்."

"சரி லா. நீ போட்டா நான் போட்ட மாதிரிதானே."

அவருடைய பூட்டு டூல் பாக்ஸிலேயே கிடந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து என் பூட்டை மட்டும் போட்டேன். பெரியவரை அலைய விடவில்லை என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

2. சக்கரத்தில் கை

மதியத்துக்குள் புது வால்வை மாட்டி முடித்தோம். அண்ணை சாமானை அடுக்க, நான் அவரிடம் சொல்லாமலே மேலே போய்ப் பூட்டைக் கழற்றினேன். எல்லாரும் வெளியே வந்தாச்சா என்று அங்கே வந்த ஆலன் கேட்டார். யெஸ் என்றேன். ஸ்டீமைத் திறக்க அவர் வால்வுச் சக்கரத்தில் கை வைத்தார். வைத்த கையோடு பெர்மிட்டைப் பார்த்தார்.

"பெயர் ரெண்டு இருக்கு, பூட்டு ஒண்ணுதான். மற்ற ஆள் எங்கே?"

கையை எடுத்துவிட்டு இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

கீழே அண்ணை, வால்வும் குழாயும் சேரும் ஃபிளான்ஜின் நாலு போல்ட்டைக் கழற்றிவிட்டு, இடுக்கில் முகத்தை வைத்து உள்ளே இருக்கும் கசிவுத் தடுப்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ்கெட் கோணலா உட்கார்ந்திருக்கு தம்பி. பூட்டு இருக்குதானே, சரி பண்ணிடலாம்னு தொறந்தேன்."

என் கையில் இருந்த பூட்டைப் பார்த்தார். முகத்தை இடுக்கிலிருந்து எடுத்தார்.

ஆலன் சத்தம் போடவில்லை. அண்ணையின் பூட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து மேட்டைக் காட்டினார். நொண்டி நொண்டி ஏறிப் போய் அண்ணை அதைப் போட்டார். நாங்கள் காத்திருந்தோம்.

ரிப்போர்ட் எழுதும்போது அண்ணை, தப்பு என்னுடையது, இவன் புதியவன் என்று தனியாகக் கையெழுத்துப் போட்டார். விசாவை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

3. வேலி

திரும்பும் வழியில், கொதிக்கும் சேற்றுக் குழிகளை ஆட்கள் பார்க்கிற ஓரிடத்தில் அண்ணை வேனை நிறுத்தச் சொன்னார். வேலிக்கு அப்பால் சாம்பல் நிறச் சேறு கஞ்சி மாதிரிக் கொதித்துத் தெறித்தது. கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இந்த வேலிய தாண்டுன்னா தாண்டுவோமா? இன்னிக்கி தாண்டிட்டோம் லா. என் வீட்டுல சொல்லாதே. அவ பயந்துடுவா."

"அண்ணை, நான் முதலாளியோட கதைக்கவேணும்."

"விசா வரட்டும், அப்புறம் பேசு."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை ஆபீஸில் அந்த ரிப்போர்ட்டை வாங்கி, நான் செய்ததையும், எல்லாரும் வெளியே என்று பார்க்காமல் சொன்னதையும் எழுதி, அண்ணையின் கையெழுத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டேன். முதலாளி இருமுறை படித்தார். மூன்று மாதம் என்னை வெளிவேலைக்கு அனுப்பவில்லை. விசா பிறகு வந்தது.

நானே சூப்பர்வைசர் ஆனபின், என்னைவிட மூத்தவர்களையும் தங்கள் பூட்டைத் தாங்களே போடச் சொல்லி எத்தனையோ மேட்டிலும் ஏணியிலும் ஏற வைத்திருக்கிறேன். மரியாதை தெரியாதவன் என்று சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சொல்லட்டும். அத்தனை பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள்.