இடது கைக்கு ஒரு தோசைத் திருப்பி

எங்கள் வீட்டில் தோசை வார்ப்பது எப்போதும் என் கணவர்தான். பக்கவாதம் வந்து வலது கை பலமிழந்த பிறகு அவர் சமையலறைப் பக்கமே வரவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டின் ஜன்னலருகே உட்கார்ந்து, எதிரே தென்னை ஓலைகள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலையில் தானாக எழுந்து வந்து இடது கையில் தோசைத் திருப்பியை எடுத்தார். அதன் விளிம்பு கல்லில் ஒரு மூலையாக முட்டியது. தோசை கிழிந்தது.

"இனிமே இது எனக்கு ஒத்து வராது" என்று வைத்துவிட்டுப் போனார்.

கோளாறு அவர் கையில் மட்டும் இல்லை. என் சின்ன வயதில் கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, ஃபிட்டராக வேலை பார்த்த என் அப்பா அம்மாவுக்காகச் செய்த திருப்பி அது. அம்மாவின் வலது கை எப்படிச் சாய்கிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி விளிம்பைச் சரிவாக அராவியிருந்தார்.

நான் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் சொல்லித் தருபவள். அன்று மதியம் திருப்பியைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்தேன். தாளைப் புரட்டி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். வெயில் ஊடுருவியதும் கோடுகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. அந்தக் கண்ணாடிக்கு அப்பால் எல்லாமே மாறிக் கிடக்கும் ஒரு வீட்டில், அம்மா இடது கையால் தோசை வார்ப்பதுபோல் இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

வகுப்பு முடிந்த சாயங்காலங்களில் எவர்சில்வர் தகட்டை வெட்டி, வைஸ் இடுக்கியில் பிடித்து அராவினேன். விழுந்த துகள்கள் சாய்ந்த வெயிலில் மினுங்கின. அரத்தின் ஒரே சீரான சத்தத்தில், அசைவது என் கையா அப்பாவின் கையா என்றுகூடச் சில நேரம் தெரியவில்லை.

செய்து முடித்ததைக் கணவரிடம் கொடுத்தேன். மணிக்கட்டு தொய்ந்தது.

"கனமா இருக்கு."

"எங்க குறைக்கட்டும்? சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஏந்திப் பார்த்தார். "பிடி இவ்ளோ நீளம் வேணாம். நாலு விரல் குறை."

குறைத்தேன். மறுநாளும் இன்னொரு திருத்தம் சொன்னார். ஜன்னலை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைக் காய வைத்தோம். அவர் வார்த்த முதல் தோசை மடிந்தது. இரண்டாவது ஓரத்தில் கிழிந்தது. மூன்றாவதன் அடியில் தகடு சத்தமில்லாமல் நுழைந்தது. தோசை முழுசாகப் புரண்டு விழுந்தது.

அடுத்த கரண்டி மாவை எடுத்தபடி அவர் சொன்னார். "தட்டை எடுத்துட்டு உட்காரு. ஆறிடப் போகுது."

நான்கு சாப்பிட்டேன். மாவு தீரும்வரை அவர் அடுப்பை விட்டு நகரவில்லை.