இரண்டாக வெட்டப்பட்ட வண்டியும் எங்கள் அண்ணனும்

அண்ணன் இல்லாமல் ஒரு தீபாவளியும் ஒரு தைப்பூசமும் கடந்துவிட்டன. அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். அவர் நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையை அருவருப்போடுதான் எழுதுகிறேன். அண்ணியிடம் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

அண்ணன் மலாக்காவில் செலண்டார் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் வேலைக்குச் சேர்ந்தார். தங்கைகள் எங்கள் மூவரையும் கரையேற்றிய பிறகுதான் தமக்கென்று பெண் பார்க்கச் சம்மதித்தார். பிறகு பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றார். குடிக்க மாட்டார். கடுஞ்சொல் பேச மாட்டார். பொய் சொன்னவரிடம் இரண்டாம் முறை பேச மாட்டார்.

அந்த ஆலைக்குப் பின்னால் கொடி மூடிக் கிடந்த நீராவி ரயில் வண்டியை இளவயதிலேயே அவர் கண்டுவிட்டார். ஜாவாவின் சீனி ஆலை ஒன்றில் ஓடியதை, செம்பனைப் பழம் இழுக்க வெள்ளைக்காரர்கள் வாங்கி வந்தார்களாம். மாலெட் வகை என்பார்கள். ஒரே பாய்லருக்குக் கீழே இரண்டு ஜோடி சிலிண்டர்கள், இரண்டு தொகுதிச் சக்கரங்கள். பின்தொகுதி அசையாது; முன்தொகுதி வளைவுக்கு ஏற்பத் திரும்பிக் கொடுக்கும். பின்னால் வேலை செய்த நீராவியை வீணாக்காமல் முன்னே அனுப்பி மறுபடியும் வேலை வாங்கும். ஐரோப்பாவில் குறுகிய தண்டவாளங்களுக்காகப் பிறந்த இந்த வகை, ஜாவாவின் கரும்புக் காடுகளுக்கு வந்தது. அமெரிக்க மலைகளில் பூதாகரமாக வளர்ந்தது. டீசல் வந்ததும் பழைய இரும்பானது. இதையெல்லாம் அண்ணன் வருடக்கணக்கில் தேடித் தெரிந்துகொண்டார். கல்யாணமானதும் அண்ணியை ஜாவாவுக்கே அழைத்துப் போனார். “எல்லாரும் கேமரன் மலைக்குப் போனாங்க, என்னைய இவரு சீனி ஆலைக்குக் கூட்டிட்டுப் போனாரு” என்று அண்ணி இன்றும் சொல்வார்.

தோட்டம் கைமாறியபோது வண்டியை ஆயர் குரோவில் உல்லாச விடுதி கட்டிய ஒருவர் வாங்கினார். நம்மவர்தான். அண்ணனோடு ஒரே பள்ளியில் படித்தவர். நாகரிகம் கருதிப் பெயரை எழுதவில்லை. வண்டியை முழுதாகக் கூரைக்கு அடியில் நிறுத்துவதாகச் சொல்லி, பக்கத்தில் வைக்கும் பலகைக்கு வரலாறு எழுதித் தர வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்றிருந்த அண்ணன் வரலாற்றை எழுதிக் கொடுத்ததோடு, வாரக்கணக்கில் போய்த் துருவையும் சுரண்டினார். கூலி வாங்கவில்லை.

திறப்பு விழாவுக்குக் குடும்பமாகப் போனோம். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

வண்டியை நடுவில் வெட்டியிருந்தார்கள். முன்பாதிக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடித்து, கண்ணும் பல்லும் ஒட்டி வாசலில் வைத்திருந்தார்கள். பின்பாதி கழிப்பறைக்கு வழிகாட்டியாக நின்றது. பாய்லரின் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து, அதில் கரி போட்டு, குச்சியில் கோத்த சாத்தே இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். மலாக்கா சுல்தான் பவனி வந்த வண்டி என்றது பலகை. அதன் அடியில், ஆய்வு செய்தவர் என்று அண்ணனின் பெயர். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய அந்தச் சுல்தான்களின் காலத்தில் உலகில் எங்கே ரயில் ஓடியது?

அண்ணன் முதலாளியைத் தனியே அழைத்துக் கேட்டார். அவர் சிரித்தபடி தோளில் கை போட்டார். “ரெண்டு செட்டு சக்கரம் இருந்துச்சுண்ணே, ரெண்டா ஆக்குனா ரெண்டு எடத்துல வைக்கலாம்லா. பிள்ளைங்க போட்டோ புடிக்கிறாங்க. வரலாற யாரு படிக்கப் போறா?”

அண்ணன் அந்தக் கையை எடுத்துவிட்டார். காருக்குப் போய்த் திருப்புளி கொண்டுவந்தார். விருந்தினர் பார்க்கப் பார்க்க, பலகையை ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். காவலாளி தடுக்க வந்தபோது, “எம்பேரு மட்டுந்தான் இங்க என்னோடது தம்பி, அத எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றார். காவலாளி ஒதுங்கிக்கொண்டார். நம் உறவினர்கள்தான் ஒதுங்கவில்லை. பழைய இரும்புக்கு இவ்வளவு ஆட்டமா, நல்ல நாளில் மானத்தை வாங்குகிறாரே என்று அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கையில் சாத்தே குச்சி இருந்தது. அந்த எண்ணெய் வழிந்த உதடுகளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அண்ணனைக் கொண்டுபோனது சர்க்கரை நோயும் பழுதான சிறுநீரகமும்தான். அந்த விழாதான் காரணம் என்று சொல்லி நானும் பொய் வரலாறு எழுத மாட்டேன். ஆனால் அதற்குப் பின் அவர் வண்டிகளைப் பற்றி எங்களிடம் பேசவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு அந்த முதலாளி ரயில் வடிவத்தில் ஒரு மலர்வளையம் அனுப்பினார். விடுதியின் பெயர் அண்ணன் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடை ஓரம் சாய்த்து வைத்தார்.

டயாலிசிஸ் நாள்களில் அண்ணனைத் தம் வேனில் ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணனுக்கும், முகம் கோணாமல் பணிவிடை செய்த தாதியருக்கும், சடங்குகளில் தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் அச்சுச் செலவைத் தாமே ஏற்பதாகவும், பின் அட்டையில் விடுதியின் விளம்பரம் வந்தால் போதும் என்றும் போன மாதம் அந்த முதலாளி ஆள் அனுப்பினார். பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெறும் வெள்ளையாக விட்டிருக்கிறோம்.