அக்கா கஞ்சி குடிக்கும் மூன்று மணி நேரம்

பிரியமானவர்களே, நம்பிக்கை அறவே விட்டுப்போன வீடு எங்களுடையது. 1936 அக்டோபரில் என் அக்கா எஸ்தருக்கு இமைகள் தொங்கின. டிசம்பரில் கஞ்சிகூட மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. கிணத்துக்கடவில் ஜெபக் கூட்டத்தார் உபவாசம் இருந்தார்கள். "ஆண்டவரே, ஒரு வாய் விழுங்கட்டும்" என்று நான் அழுதேன். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை. பதிலே இல்லை.

கடைசியில் கோயமுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா, சீமைப் பத்திரிகையில் படித்த பைசோஸ்டிக்மின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார். அரை மணியில் அக்கா கண் திறந்தாள்.

"ஏன்டா இப்படி இளைச்சுப்போயிட்டே? சீக்கு எனக்கா, உனக்கா?"

ஒரு டம்ளர் கஞ்சி குடித்தாள்!

"சொஸ்தமாயிருச்சுங்களா, டாக்டரம்மா?" என்றேன்.

"இல்லை கண்ணு. நரம்பு சொல்றதைச் சதைக்குக் கொண்டுபோற சாறு ஒண்ணு இருக்குது. உடம்பே அதை உடனுக்குடனே அழிச்சுப்போடுது. அழிக்க விடாம இந்த மருந்து கொஞ்ச நேரம் தடுத்து வெக்கும். அப்புறம் விட்டுப்போடும். மூணு மணி நேரந்தான்."

என் காதில் ஏறவில்லை. அடுத்த ஞாயிறு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சபையில் அக்காவைச் சாட்சி சொல்ல நிறுத்தினேன். சுகம் பெற்றவளுக்கு ஊசி போடுவது அவிசுவாசம் என்று, காலை ஊசியைத் தடுத்தவனும் நானே.

அக்கா இரண்டு வாக்கியம் பேசினாள். மூன்றாவதில் நாக்கு நின்றது. தலை மார்பில் சாய்ந்தது. எச்சில் புரையேறி முகம் நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஊசியோடு ஓடிவந்தார். அந்த நேரத்தில் எனக்கு ஜெபம்கூட வரவில்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூச்சு சீரானதும் அக்கா சொன்னாள்: "மூணாவது வாக்கியத்தை நீயே சொல்லிப்போடு, தம்பி."

சொல்கிறேன். அக்கா சுகமாகவில்லை. ஆவாள் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. ஊசி போட்டால் வயிறு பிசைகிறது. அதற்கு வேறொரு மருந்து. ஆனால் நான் கேட்டது ஒரு வாய்தானே? அது அன்றே கிடைத்தது. தினமும் கிடைக்கிறது. அதைப் பதிலென்று அறியாமல் இருந்துவிட்டேன்.

முழுச் சுகம் காணாத வீட்டாரே, மருந்தை நிறுத்தாதீர்கள். அடுத்த வாய்க்காகக் கேளுங்கள்.

நர்ஸம்மா ஊசியோடு வருகிறார். நான் கஞ்சியை ஆற்ற வேண்டும்.