மழை படாத கார்

கார் வாங்கப் போன இடத்தில் பானெட்டைத் திறக்காமல் சீட்டை முகர்ந்து பார்த்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட, நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும். முகர்ந்ததோடு விட்டேனா? கட்டைவிரலால் அழுத்தினேன். நகத்தால் லேசாகக் கீறினேன். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, காருக்குள் குப்புற விழுந்து, தையலை அடியில் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். தெருவில் போனவர்கள் யாரோ மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

தொழில் அப்படி. தாராவியில் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை எனக்கு, அங்கே கார்கானா என்பார்கள். முடிவெட்டுகிறவர் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் காதோரத்தைப் பார்ப்பாரே, அதே வியாதிதான். எங்கே தோலைக் கண்டாலும் கை போய்விடும். பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் செருப்பைக் குனிந்து தடவப் போய், அவர் நான் காலில் விழுகிறேன் என்று நினைத்து ஆசீர்வதித்த கதையும் உண்டு. அதை விடுங்கள்.

நான் தைத்தது பள்ளிக்கூடப் பைகள். பம்பாயில் ஒரு கொடுமை என்னவென்றால் பள்ளிக்கூடமும் மழையும் ஒரே வாரத்தில் திறக்கும். வருஷம் முழுக்க நாங்கள் சாப்பிடுவது அந்தச் சில வாரங்களில் விற்கிற பையில்தான். தாதரில் ஒரு சேட் கடைக்குத் தினமும் காலையில், கடை திறக்கும் நேரத்துக்குள், சரக்கு போய்ச் சேர வேண்டும். கொண்டுபோனது எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி ஒருவர். கைவண்டிக்காரர். தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, மாட்டுங்கா லேபர் கேம்ப் வழியாக இழுத்துக்கொண்டு போவார். ஆனால் பம்பாய் மழை மேலிருந்து மட்டும் பெய்கிற மழை இல்லையே. பக்கவாட்டில் பெய்யும், கீழேயிருந்தும் பெய்யும். போன வருஷம் நனைந்த பைகள் கடையின் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்து வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டன. சேட் அவற்றைத் திருப்பி அனுப்பியபோது அதிகம் பேசவில்லை. "அடுத்த வருஷம் ஒரு பை ஈரமா வந்தாலும் வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கல்லாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேறு ஆள் நாலு பேர் எங்கள் சந்திலேயே இருந்தார்கள்.

அதனால்தான் கார். புதுக் காருக்குப் பதிந்துவைத்தால் பேரன்தான் ஓட்டுவான் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். எனக்கோ அந்த ஜூனுக்குள் வேண்டும், கைக்கு எட்டுகிற விலையிலும் வேண்டும். ஆகவே பழைய கார். ஓட்டுவதற்கு சயானில் டாக்சி ஓட்டிய நண்பரிடம் முன்பே கற்று லைசென்ஸும் எடுத்துவைத்திருந்தேன். லைசென்ஸ் இருக்கிறது, கார் இல்லை. மாப்பிள்ளைச் சட்டையைத் தைத்து வைத்துவிட்டுப் பெண் தேடிய மாதிரி.

மாட்டுங்காவில் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் காரை விற்கிறார் என்று தகவல் வந்தது. கிளம்பும்போது என் மனைவி பைக்கு வார் கோத்துக்கொண்டே ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"மழையில ஓடுமான்னு கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம்."

அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். கார் வந்தால் அவருக்கு வேலை இல்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காரைப் பார்த்து அவராகவே தெரிந்துகொள்ளட்டும் என்ற கோழைத்தனம்தான். வழியெல்லாம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நானே பேசிக்கொண்டு வந்தேன். அவர் "ம்" போட்டுக்கொண்டு வந்தார்.

கருப்புக் கார். இங்கிலீஷ் சாமான். முகம் தெரிகிற பளபளப்பு. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ. தொட்டுப் பாருங்கோ. ஆத்துல குழந்தை இல்லாத குறைக்கு இதுதான்" என்றார்.

தொட்டேன். அவ்வளவுதான், நான் சொக்கிப்போய்விட்டேன். மெரூன் நிறத்தில் அசல் தோல் சீட். அழுத்தினால் சுருக்கம் விழுந்து, விரலை எடுத்ததும் மெல்ல நிமிர்கிறது. சாயம் எங்கேயும் வெடிக்கவில்லை. ஒரு தையல்கூடக் கோணவில்லை. இப்படிச் சீட் தைத்தவன் எஞ்சினையும் ஒழுங்காகத்தான் வைத்திருப்பான் என்று முடிவு கட்டினேன். சீட் தைத்தவனுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

அண்ணாச்சி சீட்டுப் பக்கமே வரவில்லை. நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து உள்ளங்கையால் தட்டினார். பிறகு பின்னால் போய் ஒரு கையை வைத்துத் தள்ளினார். கார் சத்தமில்லாமல் முன்னே போனது. வீட்டுக்காரர் பதறிப்போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

"நல்லா உருளுது ஓய்" என்றார் அண்ணாச்சி. அவர் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது.

மனைவி சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கேட்டேன்.

"சார், மழையில எப்படி ஓடும்?"

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மழையா? இத்தனை வருஷத்துல இதும்மேல ஒரு சொட்டு மழை பட்டதில்லை, தெரியுமோ? மழைக்காலம் பூரா நான் டிரெயின்ல போயிடுவேன். இது ஷெட்ல நிக்கும்."

எவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன். அவர் சாவியைச் சுற்றியதும் கார் பூனை மாதிரி முனகியது. ஒரு சுற்றுப் போய் வந்தோம். அன்றைக்கே பேசி முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "ஒரு சொட்டு மழை பட்டதில்லையாம்."

வார் கோத்த கை நின்றது. "நான் கேட்டது அது இல்லையே" என்றாள்.

"அதேதானே?"

அவள் அடுத்த பையை எடுத்துக்கொண்டாள்.

மே மாதம் முழுக்க நாங்கள் ராஜா ராணி. ஞாயிற்றுக்கிழமை தோறும் செம்பூரில் அவள் அக்கா வீட்டுக்குக் காரில் போனோம். அக்கா வீட்டுக்காரர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சகல, இது சோபாவுக்கு டயர் போட்டது" என்றார். புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி தாதர் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இழுக்கப் போய்விட்டார். கைவண்டியை மட்டும் வழக்கம்போல ராத்திரி எங்கள் கார்கானா சுவரோரம் நிறுத்திக்கொண்டார். தினமும் அந்த வண்டியைத் தாண்டித்தான் காரில் ஏறுவேன். அந்த நேரத்தில் எனக்கு எதிர்ச் சுவரில் ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும்.

ஜூனில் மழை வந்தது. பின்சீட்டிலும் டிக்கியிலும் பைகளை அடுக்கி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சேட்டை நினைத்துக்கொண்டு சாவியைச் சுற்றினேன்.

கார் ஒரு தடவை இருமியது. அப்புறம் இருமக்கூட இல்லை.

பானெட்டை முதல் தடவையாக அப்போதுதான் திறந்தேன். உள்ளே நிறைய இருந்தது. எல்லாம் நனைந்திருந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். என் தோள்தான் கழன்றது. கடை திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இறக்கித் தலையில் சுமந்தால் நனையும். காத்திருந்தால் சேட் வேறு ஆளைப் பார்ப்பார். மனைவி வாசலில் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் சூடாக இருந்திருக்கும்.

அப்போது கைவண்டியை எடுக்க அண்ணாச்சி வந்தார். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தார். பானெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காருக்குள் பைகளைப் பார்த்தார்.

"உள்ள ஒழுகுதா?"

"ஒழுகல அண்ணாச்சி. ஒரு சொட்டு இல்ல. அதுல கொற சொல்ல முடியாது."

"அப்ப என்ன. உருளும்லா?"

"காய்கறி மூட்டை?"

"தக்காளி நனைஞ்சா யாரு கேக்கா? கார்ல ஏறும்வே."

கைவண்டிக் கயிற்றை அவிழ்த்துக் காரின் முன் கம்பியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த மெரூன் சீட்டில் உட்கார்ந்தேன். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. லேபர் கேம்ப் பக்கம் முழங்கால் தண்ணீரில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் பின்னால் கை கொடுத்தார்கள். அப்புறம் அவர் ஒருவர்தான். பஸ் ஜன்னல்களில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் ஹாரன் அடித்தேன். அது மட்டும் வேலை செய்தது.

சேட் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பைக்குள்ளும் கையை விட்டுத் தடவினார். கடைசிப் பையிலிருந்து கையை எடுத்து, உதறாமல், வேட்டியிலும் துடைக்காமல் அப்படியே தொங்கவிட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. "நாளைக்கும் கொண்டு வா" என்றார் இந்தியில். பிறகு காரையும் கயிற்றையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெரிய வியாபாரி.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு பை நனையவில்லை. வெயில் அடித்தால் எஞ்சின், மழை பெய்தால் அண்ணாச்சி என்று ஏற்பாடு. காய்கறிக்கு அவர் திரும்பப் போகவில்லை. என் மனைவி கட்டித் தரும் தூக்குவாளி, அவருக்கும் சேர்த்து, ஒன்று இரண்டானது. ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்றைக்குத் திரும்பும்போதும் கார் கிளம்பவில்லை. மழை விட்டிருந்தது. அண்ணாச்சி மறுபடி கயிற்றைத் தோளில் போட்டார். நான் சீட்டில் உட்கார்ந்தபடியே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ரொம்ப அக்கறையாகத்தான் கேட்டேன்.

"பையெல்லாம் எறக்கியாச்சே அண்ணாச்சி, இப்ப லேசா இருக்குமே?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பையா ஓய் கனத்துச்சு?"