ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அப்பால் ஒரு தெலுங்கு ஊர்

யூட்லாந்துக் கிராமங்களுக்குப் போய்வருவது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போன முதல் கிராமத்தில் பார்த்தது டென்மார்க்கை அல்ல. 1985 ஓகஸ்ட். ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி அகதியாக வந்து, ஹேர்னிங் நகரில் டேனிஷ் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து கடிதம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. கிராமத்தில் இருக்கும் தன் பெரியம்மா கியர்ஸ்டன் வீட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருப்பதாகவும், போனால் உங்கள் மொழியில் கதைக்கலாம் என்றும் எங்கள் டேனிஷ் ஆசிரியை சொன்னார். வந்தவர் தெலுங்கர். இருந்தும் போனேன். யாராவது என் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்ற ஏக்கம்தான்.

"தெலுங்கு எங்களுக்கு விளங்குமோ?" என்று அறைத்தோழர் ராசன் அண்ணையைக் கேட்டேன்.

"விளங்காட்டி என்ன, சோறு விளங்கும்தானே. வெளிக்கிடு."

ஹொல்ஸ்டெப்ரோவுக்கு ரயிலில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம், பதினொரு குரோனர். வழிநெடுகப் பார்லி வயலும் பன்றிப் பண்ணை மணமும். ஜன்னலைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கியர்ஸ்டன் கிருஷ்ணா ஆற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் பன்னிரண்டு வருடம் தாதியாக இருந்தவர். விருந்தாளி நாகம்மா அங்கே அவரோடு வேலை செய்தவர். சோறு, பருப்பு, நாகம்மா கொண்டுவந்த புளிச்சக்கீரை ஊறுகாய். பிறகு அந்த ஊரில் எடுத்த படங்களைச் சுவரில் விழுத்திக் காட்டினார்கள். தெரு முழுக்கச் சிவப்பாக மிளகாய் காய்ந்தது. கியர்ஸ்டன் அந்த ஊர்க்காரரைப் பற்றி நாகம்மாவிடம் வீடு வீடாகத் தெலுங்கில் விசாரித்து, எங்களுக்கு மெதுவான டேனிஷில் சொன்னார். தையல்காரருக்கு நான்காவதும் பெண். கள் இறக்குபவர் மரத்திலிருந்து விழுந்தார், இப்போது நடக்கிறார். குளத்து மதகை யார் முதலில் திறப்பது என்ற சண்டையில் மேல்தெருவும் கீழ்த்தெருவும் இன்னும் முகம் பார்ப்பதில்லை. கல்யாணம் வந்தால் பெரிய பாத்திரங்கள் மட்டும் இரவல் போய்வரும்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வெள்ளைக்காரிக்கு ஓர் ஊரே பெயர் பெயராகத் தெரிகிறது. நினைத்தால் போய்வரவும் முடிகிறது. அந்த மதகுச் சண்டையின் மீதுகூடப் பொறாமை வந்தது. துப்பாக்கியோடு ஆமி வராத ஊரில்தான் தண்ணீருக்காக இத்தனை வருடம் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

"எங்களை ஒரு சொல்லுக் கேக்கினமில்லை, அண்ணை."

"சாப்பிட்டனிதானே. பேசாம இரு."

பஸ் நிறுத்தம்வரை பெண்கள் இருவரும் வந்தார்கள். அங்கே நாகம்மா என்னிடம் ஏதோ கேட்டார். உன் ஊர் எது, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார், என்றார் கியர்ஸ்டன்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன். பிறகு மனம் இருபக்கமும் வேலியடைத்த எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகப் போனது. எந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"தெரியேல்லை அக்கா," என்றேன், தமிழில்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ் எப்போது என்று முதலே விசாரித்து வையுங்கள். ஞாயிறுகளில் நம்பிப் போகாதீர்கள். வேற்று ஊர்க்காரர் யாரையாவது சந்தித்தால் ஊர்ப் பெயரோடு விட்டுவிடாமல், அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் பஸ் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள். நாகம்மா அப்படித்தான் நின்றார்.